அக்காவின் இடது பாதம்

பிப்ரவரி 13, திங்கள்

அலுவலகத்தில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒன்றரை மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. சர்க்கரை அளவு, கட்டு மாற்றிய நேரம், காய்ச்சல் உண்டா இல்லையா என்பதையெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் தினமும் குறித்து வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இருபத்து மூன்று வருடமாகக் கப்பல் ஏஜென்சியில் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை.

அக்காவுக்கு இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் புண். மூன்று வாரத்துக்கு மேலாகிறது. பக்கத்துத் தெரு டாக்டர் இரண்டு தடவை மருந்து மாற்றிப் பார்த்துவிட்டு, இனிமேல் பெரிய இடத்துக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அக்காவுக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. முள் குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை; மே மாதக் கடைசியில் ஓய்வு. நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டிய வீட்டில் அவளும் நானும் மட்டும்.

டாக்டர் பீர்முகம்மது புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, கட்டோடு சேர்த்து வாரத்துக்கு மூன்று நாள் லைட் வைத்துப் பார்க்கலாம் என்றார். முத்தெழில் என்ற பெண் அதைச் செய்கிறாள். முப்பது வயதிருக்கும். புண்ணின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாளை ஒட்டி, எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, டார்ச் போன்ற ஒன்றை ஒவ்வோர் இடமாகப் பிடித்தாள். சிவப்பு வெளிச்சம். ஓரிடத்துக்கு ஒரு நிமிஷம். சுடுமா என்று அக்கா கேட்டாள்.

"சுடாதும்மா. இது ஒத்தடம் மாதிரி சூடு குடுக்கிற வேலை இல்ல. வெறும் வெளிச்சந்தான்."

நான் என் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

புண் எப்படி வந்தது என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஷூவுக்குள் கிடந்த கல் குத்தியது என்று நான்தான் சொன்னேன். நீளம் 3.4 சென்டிமீட்டர். அகலம் 2.6.

பிப்ரவரி 15, புதன்

லைட், இரண்டாம் நாள். சர்க்கரை வெறும் வயிற்றில் 188. அரிசியைக் குறைக்கச் சொன்னேன், முறைத்தாள். பெருவிரல் பக்கம் தரையில் படாதபடி செய்த தனிச் செருப்பு கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நடக்கிறாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

முத்தெழில் நல்ல பெண். எதையும் கூட்டிச் சொல்வதில்லை. வெளிச்சம் புண்ணை மூடிவிடாது, சோர்ந்து கிடக்கிற சதையைக் கொஞ்சம் வேலை செய்யத் தூண்டும், அவ்வளவுதான். சர்க்கரையும் கட்டும் செருப்பும் சரியாக இருந்தால்தான் அதற்கும் பலன். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றாள்.

கிளம்பும்போது என்னிடம், கல் குத்தியதற்கு முன்னால் சூடு ஏதாவது பட்டதா, புண்ணின் ஓரம் அப்படி இருக்கிறது என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜனவரி 20 பள்ளியில் விளையாட்டு விழா. அக்கா நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்து கால் குடைகிறது என்றாள். சுடுதண்ணிப் பையில் ஒத்தடம் கொடுத்தேன். துண்டு சுற்றித்தான் கொடுத்தேன். மறுநாள் அதே காலோடு ஷூ போட்டுக்கொண்டு கொடிக்கம்பங்களைப் பிடுங்கப் போனாள். வந்து கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம், ஷூவுக்குள் ஒரு கல். இதில் ஒத்தடத்தை எதற்கு இழுக்க வேண்டும்?

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலைத் திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்று அளவெடுத்த நாள். 2.9க்கு 2.2. முத்தெழில் போன வாரம் வரைந்த தாளையும் இன்று வரைந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டினாள். சுற்றிலும் ஒரு நகக்கண் அளவுக்கு உள்ளே வந்திருக்கிறது.

அக்கா ஆட்டோவில் வரும்போது, மே மாதம் பிரிவு உபசார விழாவன்று மைதானத்தை ஒரு சுற்று நடந்து காட்டுவேன் என்றாள். எனக்கு அழுகை வந்தது. வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லிச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டேன்.

தவக்காலம் முழுக்க மீன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அக்கா கேட்டாள், நீ எதுக்குட்டி இவ்வளவு கடும் நோன்பு இருக்க என்று. அவள் கால் குணமாவதற்கு நேர்ச்சை என்று சொன்னேன்.

பிப்ரவரி 27, திங்கள்

2.7க்கு 2.0. கொழும்புக் கப்பல் ஒரு நாள் தாமதம். மேனேஜர் தாமோதரன் சார் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

கட்டைப் பிரித்ததும் வாடை. நேற்று இப்படி இல்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு, பெருவிரல் வீங்கி மினுமினுக்கிறது. அக்காவுக்கு வலியே இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. காய்ச்சல் 100.6. முத்தெழில் பார்த்தவுடன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாள். கிருமி அடங்கும்வரை லைட் வேண்டாம் என்றாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்க்கரை 291.

மார்ச் 6, திங்கள்

பெருவிரல் எலும்பில் நிழல் தெரிகிறது. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி டாக்டரே காட்டினார். கல் ஆழமாகக் குத்தியிருக்கிறது, அந்த வழியாகக் கிருமி எலும்புவரை போயிருக்கிறது என்று நினைக்கிறார். நான்கைந்து நாள் ஊசி மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் பெருவிரலையும் அதற்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பாதம் போகும்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. பெருவிரல் இல்லாமல் ஓட முடியுமா?

ஐம்பத்தெட்டு வயதில் யாரும் அவளை ஓடச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் அதைத்தான் கேட்டாள். நடக்கலாம், தள்ளாட்டம் இருக்கும் என்றார் டாக்டர்.

மார்ச் 8, புதன்

காலையும் மாலையும் ஊசி. வீக்கம் குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது.

அலுவலகம் முடிந்து கோவிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். மூன்றாவது ஆள் உள்ளே போனதும் வெளியே வந்துவிட்டேன். உளுந்தும் பஞ்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 10, வெள்ளி

ஜனவரியில் கொச்சிக் கிளையில் ஆவணப் பிரிவுக்குத் தலைமை இடம் காலியானது. அதற்கு என் பெயரை எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பார்த்து, உங்களுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்ப்பார்கள் என்று சொன்னார். ஜனவரி 19ஆம் தேதி நான் குளிக்கும்போது தாமோதரன் சார் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அக்கா எடுத்து, என் தங்கச்சி சில்லா எங்கேயும் வர மாட்டா சார், அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது மறுநாள் அலுவலகத்தில், அவர் வாயால். அந்த இடத்துக்கு மங்களூர்க்காரர் ஒருவரைப் போட்டாகிவிட்டது.

அன்று மாலையில் வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். விளையாட்டு விழா முடிந்து அவளும் அப்போதுதான் வந்திருந்தாள். "நீ போனா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது அவளுக்கு. கால் குடையுது, ஒத்தடம் கொடு என்று சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதிவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

பிப்ரவரி 17ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். துண்டு சுற்றித்தான் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத டைரியில் கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

துண்டு சுற்றவில்லை. கொடியில் துண்டு கிடந்தது, பார்த்தேன், எடுக்கவில்லை. கொதித்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினேன். பையின் கழுத்தை என்னால் பிடிக்க முடியவில்லை, சேலைத் தலைப்பால் பிடித்துக் கொண்டுவந்தேன். அவள் தூங்கியிருந்தாள். இடது பாதத்துக்கு அடியில் வைத்துவிட்டு, அடுக்களையில் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் எனக்குப் பை ஞாபகத்தில் இருந்தது.

எடுத்தபோது சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி சாக்ஸ் மாட்டிவிட்டேன். மறுநாள் ஷூவுக்குள் அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி.

நாளை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 13, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

டாக்டர் அறையில் அக்கா, நான், முத்தெழில். ஊசிக்குக் காய்ச்சல் நின்றிருக்கிறது, வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது. டாக்டர் படிவத்தை அக்கா பக்கம் தள்ளினார். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பேனாவை எடுத்தாள்.

"டாக்டர், அது கல் குத்துன புண் இல்ல. சுட்ட புண்."

என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. டாக்டர் நிமிர்ந்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்த இடம் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். 

அந்த விரலில் முன்பு எப்போதாவது அடிபட்டதுண்டா என்று அக்காவிடம் கேட்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நானே சொன்னேன். கல்லூரியில் படிக்கும்போது மாநிலப் போட்டியில் தடை தாண்டி ஓடி விழுந்தாள், அதே பெருவிரல் முறிந்தது, ஒரு மாதம் கட்டோடு கிடந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை மறுபடியும் விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். கல் ஆழமாகக் குத்தியது என்று நினைத்ததால்தான் அந்த நிழலை எலும்பில் ஏறிய கிருமி என்று உறுதியாக எடுத்துக்கொண்டேன் என்றார். சுட்ட புண் மேலிருந்துதான் தொடங்கும். நிழல் பழைய முறிவின் தழும்பாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வாருங்கள், அதைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெளியே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மருந்துக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

"துணி சுத்தலயா?"

"இல்லக்கா."

"மறந்துட்டியா?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று தோன்றியது. மருந்துக் கடைக்காரர் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மறக்கலக்கா. கோவத்துல வச்சேன்."

"கால் வெந்துபோவும்னு தெரிஞ்சா?"

"அவ்வளவு தூரம் நெனைக்கல. ஆனா சூடு எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்குத் தெரியாதுன்னும் தெரியும்."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஆட்டோவைக் கூப்பிடு என்றாள்.

மார்ச் 14, செவ்வாய்

திருநெல்வேலி போய் வந்தோம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒரு பேச்சும் இல்லை.

மார்ச் 16, வியாழன்

எலும்பில் கிருமி இல்லை. பழைய முறிவு. கிருமி சதையோடு நின்றிருக்கிறது. கெட்ட சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பத்து நாள் மாத்திரை, அதன்பின் மறுபடியும் லைட். விரலை எடுக்க வேண்டாம்.

சொல்லும்போது டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. விரல் தப்பியது, எனக்கு அது போதும். முத்தெழில் மட்டும் வாசல்வரை வந்து, இப்பவாவது சொன்னீங்களே என்றாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

மார்ச் 20, திங்கள்

அக்கா இன்று என்னோடு பேசியது: "கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சு."

கட்டு மாற்றுவதை அவளே செய்துகொள்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, முதுகை வளைத்து, மூச்சிரைக்கச் செய்கிறாள். முதல் நாள் உதவிக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். முன்னெல்லாம் எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சாத்தியதில்லை.

சாதம் வைத்தால் சாப்பிடுகிறாள். குடிக்கத் தண்ணீர் மட்டும் அவளே எடுத்துக்கொள்கிறாள்.

மார்ச் 27, திங்கள்

மறுபடியும் லைட். அளவு 2.8க்கு 2.3. சுரண்டியதில் பெரிதாகியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாள் முத்தெழில். இதை வெளியே வந்து பெஞ்சில் இருந்த என்னிடம் சொன்னாள். நான் உள்ளே வரக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 29, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்ச். எதிரே தண்ணீர்த் தொட்டியில் காக்கா குளித்தது. சர்க்கரை 142.

ஏப்ரல் 3, திங்கள்

2.1க்கு 1.6.

அக்கா என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் எங்கே போவது என்று யோசித்துவைத்திருக்கிறேன். லேடீஸ் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. அவள் போலீசுக்குப் போனாலும் நான் மறுக்கப் போவதில்லை. அவள் எதையும் சொல்லாததுதான் தாங்க முடியவில்லை. காலையில் பல் துலக்கும்போது அவளுடைய கைத்தடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன்.  இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா என்று சாமியார் கேட்டார். சொன்னேன் என்றேன். அப்படியானால் இனி அவர்கள் நேரம், காத்திருங்கள் என்றார்.

ஏப்ரல் 12, புதன்

லைட் அறையில் காலைப் பிடித்துக்கொள்ளும் உதவிப் பெண் இன்று வரவில்லை. முத்தெழில் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். அக்கா வேண்டாம் என்று சொல்வாள் என்று வாசலிலேயே நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணும் தெரியவில்லை.

கணுக்காலை இரண்டு கையாலும் ஏந்தினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு புண்ணைப் பார்க்கிறேன். நடுவில் கெட்டிச் சிவப்பு, சுற்றிலும் வெங்காயத்தோல் மாதிரி புதுத் தோல். வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. என் கை ஆடியதில் அந்தச் சிவப்பு வட்டம் புண்ணைவிட்டு விலகி விலகிப் போனது. முத்தெழில் நிறுத்தினாள்.

"கெட்டியாப் பிடி," என்றாள் அக்கா.

பிடித்தேன். ஏழு நிமிஷம். அளவு 1.3க்கு 0.9.

ஏப்ரல் 19, புதன்

0.6க்கு 0.4. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுக்கப் போனபோது, தாமோதரன் சார் ஏதோ சொல்ல வந்தது போல நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 28, வெள்ளி

மூடிவிட்டது. முத்தெழில் தாளை வைத்தாள், வரைவதற்கு ஓரம் இல்லை. பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். டாக்டர் வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். இது ஆறிய இடம், பழைய பலம் வராது, இன்னும் ஆறு மாதம் இந்தச் செருப்புதான், தினமும் இரண்டு உள்ளங்காலையும் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"நானே பாத்துக்கிடுவேன் டாக்டர். கண்ணாடி வச்சுப் பழகியாச்சு. இவ கொச்சிக்குப் போறா."

எனக்குப் புரியவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கேட்டேன். போன வாரம் தாமோதரன் சாருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஜனவரியில் சொன்னது என் வார்த்தை, என் தங்கச்சி வார்த்தை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். தலைமை இடம் போனது போனதுதான். அந்த மங்களூர்க்காரருக்குக் கீழே ஒரு இடம் ஜூன் மாதம் காலியாகிறது. கேட்டுப் பார்க்கிறேன் என்றவர் நேற்று சரி என்று சொல்லிவிட்டாராம். விஷயத்தை அவளிடம் நானே சொல்கிறேன் என்று அவர் வாயை அடைத்திருக்கிறாள்.

போகச் சொல்கிறாளா, விரட்டுகிறாளா என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டாயா அக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் உப்பளப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்.

"கோவம் போவலட்டி. போவும்னு சொல்லவும் மாட்டேன். நான் ஒன்னய முப்பது வருசமா வீட்டுக்குள்ள வச்சிருந்தேன். எனக்காவத்தான் வச்சிருந்தேன். அது ஒனக்குச் சுட்டிருக்கும், எனக்குத் தெரியல."

 ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"இங்கனயே இருந்தேன்னா, நான் ஒன் கையப் பாத்துக்கிட்டே இருப்பேன். நீ என் காலப் பாத்துக்கிட்டே இருப்ப. அது வேண்டாம். போ."

"லீவுக்கு வரலாமாக்கா?"

"அது ஒன் வீடுட்டி. கேட்டுக்கிட்டா வருவாவ?"

வாசலில் ஆட்டோ நின்றது. நான் முதலில் இறங்கி, கைகொடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். அக்கா கைத்தடியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். என் தோளைப் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கி, இடது காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். கால் ஊன்றியது உறுதியான பிறகுதான் கையை எடுத்தாள்.